பழைய ராக் குழுவின் சவுண்டைப் புதுப்பிக்க எதில் முதலில் கை வைக்கலாம்?

ஆறாம்கம்பி கேட்டது:

வணக்கம். நாலு பேர் கொண்ட ஹார்ட் ராக் குழு. ரெண்டு கிடார், பேஸ், டிரம்ஸ். முதல் கிடார்காரரே பாடுகிறார். சொந்தப் பாட்டு பதினெட்டு, எல்லாம் எழுபதுகளின் பாணி, முக்கால்வாசி ஷஃபிள். குரலுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, பழைய சுருதியில் உச்சம் எட்டவில்லை. அடுத்த ரெக்கார்டிங்கும் மேடையும் இன்றைய காதுக்கு ஒட்ட வேண்டும். அதற்காக கிடாரை ஓரம் கட்டிவிட்டு கீபோர்டு கச்சேரியாக மாறவும் கூடாது.

ஸீஸீ டாப் 1983-ல் ‘எலிமினேட்டர்’ ஆல்பத்தில் செய்ததுதான் முன்மாதிரியாக மனதில் இருக்கிறது. அதில் உண்மையில் மாறியது என்ன? கிளிக் (காதில் ஒலிக்கும் மெட்ரோனோம் தட்டு) வைத்தே ஆக வேண்டுமா? டிரம்ஸில் சாம்பிள் (முன்பே பதிந்த அடியின் ஒலி) கலந்தால் எங்கே உதைக்கும்? மேடையில் லேப்டாப்பிலிருந்து முன்பே பதிந்த ட்ராக் ஓட்டக் குறைந்தபட்சம் என்னென்ன வேண்டும்?

---

தாளக்கட்டு பதில்:

முன்மாதிரியைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். ஆனால் அந்த ஆல்பம் என்றதும் எல்லாரும் சின்தஸைஸரைத்தான் சொல்வார்கள். அதைவிடப் பெரிய மாற்றம் தாளத்தில் நடந்தது.

ஸீஸீ டாப் 1969-ல் ஹூஸ்டனில் தொடங்கிய குழு. 1973-ன் ‘லா கிரேஞ்ச்’, 1975-ன் ‘டஷ்’ இரண்டுமே ஷஃபிள். ஒரு தட்டை மூன்றாகப் பிரித்து நடுவிலுள்ளதை விட்டுவிட்டு ஆடும் நடை. ‘எலிமினேட்டர்’ ஹிட்களை எடுத்துப் பாருங்கள்: ‘கிம்மி ஆல் யுவர் லவின்’, ‘ஷார்ப் டிரெஸ்டு மேன்’, ‘லெக்ஸ்’ மூன்றும் நேர் எட்டு, அதாவது ஒவ்வொரு தட்டும் சரிபாதியாகப் பிரியும் நடை. வேகம் நிமிடத்துக்கு 120-லிருந்து 125 தட்டுக்குள். அன்றைய டான்ஸ் ஃப்ளோர் வேகம் அதுதான். டிரம்ஸ் பெரும்பாலும் மெஷின், பல இடங்களில் பேஸ் சின்தஸைஸர். மேலே பில்லி கிப்பன்ஸின் கிடாரும் குரலும் அதே டெக்சாஸ் ப்ளூஸ்தான். தரையை மாற்றினார்கள், ஆளை மாற்றவில்லை. (குழுவில் தாடி இல்லாதவர் டிரம்மர், அவர் பெயர்தான் பியர்ட். சரி, விஷயத்துக்கு வருவோம்.)

எனவே சின்தஸைஸர் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். பதினெட்டுப் பாட்டில் மெட்டு வலுவான நாலை மட்டும் எடுத்து, அதே கார்டுகளை நேர் எட்டில் வாசித்துப் பாருங்கள். இரண்டு தாங்கும், இரண்டு செத்துப்போகும். சொற்கள் மும்மூன்றாக விழும் பல்லவி நேர் எட்டில் தடுக்கும். அதைக் கட்டாயப்படுத்த வேண்டாம், ஷஃபிளாகவே விட்டுவிடுங்கள்.

ஷஃபிளாக நிற்கும் பாட்டில் சீக்வென்சர் (ஸ்வரங்களைத் தானாக வாசிக்கும் மெஷின்) சேர்ப்பதானால் ஸ்விங் அளவைக் கவனியுங்கள், தட்டின் முதல் பாதி எவ்வளவு நீளம் என்பதுதான் அது. 50 சதவீதம் என்றால் நேர், 66 என்றால் முழு மும்மை. மனித டிரம்மர் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருப்பார், வேகம் கூடக் கூட நேரை நோக்கி நகர்வார். மெஷினை 66-ல் பூட்டிவிட்டு அவர் 60-ல் வாசித்தால் ஒவ்வொரு தட்டும் இரட்டையாகக் கேட்கும். அவர் ஹை-ஹேட்டை மட்டும் தனியாகப் பதிந்து, அதிலிருந்து அளவை எடுத்து மெஷினுக்குக் கொடுங்கள். எதிர்த்திசையில் போகாதீர்கள்.

கிளிக் விஷயம். ரெக்கார்டிங்கில் வேண்டும், ஆனால் ஒரே எண்ணில் பூட்டக் கூடாது. பாட்டின் நல்ல மேடைப் பதிவு ஒன்றை எடுத்து, சரணம், பல்லவி, சோலோ மூன்றிலும் வேகத்தைத் தட்டி அளந்து எழுதுங்கள். 116, 119, 121 என்று வந்தால் அதுதான் அந்தக் குழுவின் மூச்சு. டெம்போ மேப்பில் (பாட்டின் எந்த இடத்தில் எந்த வேகம் என்ற பட்டியலில்) அதையே போடுங்கள். பல்லவிக்கு முந்தைய ஒரு பாரில் (ஒரு தாளச் சுற்றில்) மெல்ல ஏறட்டும். பார் கோட்டில் சட்டென்று ஏற்றினால் டிரம்மர் ஒவ்வொரு முறையும் இடறுவார்.

கிளிக் சத்தம் ‘பீப்’ ஆக இருக்கக் கூடாது, சிம்பலுக்குள் காணாமல் போகும். பிறகு அதைக் கேட்க வால்யூமை ஏற்றி ஏற்றிக் காது போகும். கௌபெல் அல்லது சைட்-ஸ்டிக் ஒலி போதும். 90-க்குக் கீழான பாட்டுகளுக்கு எட்டாகப் பிரித்துக் கொடுங்கள். பழக்கம் வர ஒரு பயிற்சி: முதலில் நாலு தட்டும் ஒலிக்கட்டும், பிறகு 2-ம் 4-ம் மட்டும், பிறகு பாரின் முதல் தட்டு மட்டும், கடைசியில் நாலு பார் முழு மௌனம். மௌனம் முடிந்து கிளிக் திரும்பும்போது கை அதே இடத்தில் விழ வேண்டும்.

---

மேடைவயர் பதில்:

தாளக்கட்டு சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். ‘எலிமினேட்டர்’ ஓடியதற்குத் தாளம் மட்டும் காரணமில்லை. பாட்டு வீடியோக்களை ஒளிபரப்பும் எம்டிவி சேனல் 1981-ல்தான் தொடங்கியது, அதில் அந்தச் சிவப்பு 1933 ஃபோர்டு கார் ஓயாமல் ஓடியது. சவுண்டை மாற்றியதால் மட்டும் கூட்டம் வந்துவிடும் என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான்.

இப்போது லேப்டாப். நாலு அவுட்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வேண்டும். 1-2 ட்ராக்குக்கு, 3 கிளிக், 4 ‘பல்லவி வருது’ என்று எண்ணிச் சொல்லும் குரலுக்கு. 1-2 மட்டும் மிக்ஸிங் டெஸ்க்குக்குப் போகும். 3-ம் 4-ம் டிரம்மரின் காதுக்கு மட்டும். இரண்டே அவுட்புட் இருந்தால் இடது கிளிக், வலது மோனோ ட்ராக் என்று பிரித்தும் ஓட்டலாம். அங்கே நடக்கும் கிளாசிக் விபத்து, உதவியாளர் ஒருவர் நல்லெண்ணத்தில் இரண்டு கேபிளையும் டெஸ்க்கில் ஸ்டீரியோ சேனலாகச் செருகுவது. அரங்கம் முழுக்க கௌபெல் கேட்கும். கிளிக் கேபிளுக்கு வேறு நிறம், வேறு நீளம், முனையில் டேப்.

லேப்டாப் சார்ஜர் செருகியதும் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் அது கிரவுண்ட் லூப். லேப்டாப்புக்கும் டெஸ்க்குக்கும் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (சிக்னலை டெஸ்க்குக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) போட்டு அதன் கிரவுண்ட் லிஃப்ட்டைத் தட்டுங்கள். பவர் பிளக்கின் எர்த் பின்னை டேப் ஒட்டி மறைக்கும் ‘தீர்வு’ சில மேடைகளில் உண்டு. மைக்கை உதட்டில் வைத்துக் கிடாரைக் கையில் பிடிப்பவர் உயிரோடு விளையாடும் வேலை அது.

பஃபர் (லேப்டாப் ஒரு தடவையில் சேர்த்து அனுப்பும் ஒலியின் அளவு) பற்றிக் கவலை வேண்டாம். பதிந்த ட்ராக்கை மட்டும் ஓட்டுவதானால் 512 சாம்பிளே நல்லது, ஒலி தடைபடாது. லேப்டாப் வழியாக நேரடியாகக் கீபோர்டு வாசித்தால்தான் 128-க்கு இறக்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில் அது 2.7 மில்லிசெகண்ட், விரல் உணராது. வைஃபை, நோட்டிஃபிகேஷன், ஸ்லீப் மூன்றையும் அணைத்துவிடுங்கள். இரண்டாவது கருவியாக அதே ட்ராக்குகள் ஏற்றிய ஒரு பழைய போன் இருந்தாலும் போதும். ட்ராக் நின்றுபோனால் பாட்டு நிற்கக் கூடாது. எனவே முக்கிய ரிஃப் எதையும் ட்ராக்குக்குக் கொடுக்காதீர்கள். அடியில் ஓடும் பேட் (நீட்டி ஒலிக்கும் சின்த் கார்டு), டாம்பரின், பின்குரல் இவ்வளவுதான்.

டிரம் சாம்பிளை கிக், ஸ்னேர் இரண்டோடு நிறுத்துங்கள். டிரிகரின் (அடியை உணர்ந்து சாம்பிளை ஒலிக்கச் செய்யும் சென்சாரின்) தாமதமும் சாம்பிளை ஒலிக்கும் மாட்யூலின் தாமதமும் சேர்ந்து சாம்பிள் 5 மில்லிசெகண்ட் பிந்தினால், மைக் ஒலியோடு சேரும்போது 100 ஹெர்ட்ஸ் அருகில் ஒன்றையொன்று தின்னும். 5 மில்லிசெகண்ட் அந்த அதிர்வின் சரிபாதி, அதுதான் காரணம். ‘சாம்பிள் சேர்த்ததும் கிக் மெலிஞ்சிருச்சு’ என்று புலம்புவார்கள், சாம்பிளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இரண்டையும் தனித்தனி ட்ராக்கில் பதிந்து, பெரிதாக்கிப் பார்த்து, முதல் முகடு ஒரே பக்கமாக எழுகிறதா என்று பாருங்கள். எதிர்ப்பக்கம் என்றால் போலாரிட்டியை (அலையின் மேல்-கீழை) திருப்புங்கள். ரெக்கார்டிங்கில் சாம்பிளை இழுத்துப் பொருத்தலாம். மேடையில் மைக் சேனலுக்கு அதே அளவு டிலே கொடுக்க வேண்டும்.

ரீ-டிரிகர் மாஸ்க் (ஒரே அடி இரண்டாகப் பதியாமலிருக்க, அடித்ததும் டிரிகர் காது மூடும் மில்லிசெகண்ட்) கணக்கு: 125 வேகத்தில் பதினாறாம் ஸ்வரங்களின் இடைவெளி 120 மில்லிசெகண்ட், முப்பத்திரண்டாம் ஸ்வரத்துக்கு 60. கிக்குக்கு 50, ஸ்னேருக்கு 30 வைத்தால் ரோல் விழுங்கப்படாது. சாம்பிள் லெவல் மைக்கைவிட 6 முதல் 10 டெசிபல் கீழே. அதைத் தாண்டினால் எல்லா அடியும் ஒரே அச்சில் வார்த்தது போல் இருக்கும்.

---

சுருதிப்பெட்டி பதில்:

குரல் பற்றி யாரும் பேசவில்லையே. இதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லா ட்ராக்கும் அந்தச் சுருதியில்தான் வரப்போகிறது.

அரைச் சுருதி இறக்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிகா தொண்ணூறுகளின் நடுவிலிருந்தே மேடையில் அப்படித்தான். ஆனால் சாவியைத் திருகி இறக்கிவிட்டு அப்படியே வாசிக்க முடியாது. அரைச் சுருதிக்குக் கம்பியின் இழுவிசை 11 சதவீதம் குறையும், ஒரு முழுச் சுருதிக்கு 20-க்கு மேல். கம்பி தளர்ந்ததும் கழுத்து பின்னுக்குச் சாயும், முதல் சில ஃப்ரெட்டில் ‘ஜிர்’ என்று உரசும். 10-46 செட்டுக்குப் பதில் 10.5-48 (மெல்லிய, தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போட்டால் பழைய இழுவை ஏறக்குறைய திரும்பி வரும். முழுச் சுருதி என்றால் 11-ல் தொடங்கும் செட். 11-ன் தடித்த கம்பிகள் நட்டின் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டின்) பள்ளத்தில் சிக்கினால், கம்பியை இழுத்துப் பெண்ட் செய்த பிறகு சுருதி இறங்கியே நிற்கும், பள்ளத்தை ஃபைல் செய்ய வேண்டும். பழைய கம்பியோடுதான் இருப்பேன் என்றால் ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை) கால் சுற்று தளர்த்தி, ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் பாருங்கள். ஃப்ளாய்ட் ரோஸ் (ஸ்பிரிங்கில் மிதக்கும் பிரிட்ஜ்) உள்ள கிடாரில் பின்பக்க ஸ்பிரிங்கின் திருகையும் தளர்த்தாவிட்டால் பிரிட்ஜ் உள்ளே அமுங்கும்.

சுருதி இறக்கும் பெடல் ஒரு வழி. இரைச்சலான மேடையில் பரவாயில்லை. சின்ன அறையில் கம்பியின் நேர் ஒலி அரைச் சுருதி மேலே கேட்டுக்கொண்டே இருக்கும், பாடுபவருக்குப் பைத்தியம் பிடிக்கும்.

சின்த் பேஸோடு பேஸ் கிடாரும் சேர்ந்தால் கவனம். அடி ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். பேஸ் கிடார் 10 சென்ட் (அரைச் சுருதியில் பத்தில் ஒரு பங்கு) விலகியிருந்தால் நாலு செகண்டுக்கு ஒரு முறை அடிச்சத்தம் உப்பி வற்றும். அதைக் கேட்டுவிட்டு கம்ப்ரஸரைக் குறை சொல்வார்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரே ஆள்தான் இருக்க வேண்டும்: சின்த் இருந்தால் பேஸ் கிடாருக்கு அங்கே ஹை-பாஸ் (அதற்குக் கீழுள்ளதை வெட்டும் ஃபில்டர்) போட்டுவிடுங்கள்.

---

ஆறாம்கம்பி:

மூவருக்கும் நன்றி. இரண்டு துணைக்கேள்வி. பழைய ரெக்கார்டிங்குகளையும் இதே சவுண்டில் ரீமிக்ஸ் செய்து வெளியிடலாமா? கிடாருக்கு ஆம்ப் மாடலர் (ஆம்ப்பின் ஒலியை டிஜிட்டலாகப் போலச் செய்யும் பெட்டி) போனால் ‘புதுசு’ ஆகுமா?

---

தாளக்கட்டு பதில்:

ரீமிக்ஸ் வேண்டவே வேண்டாம். இதே ஸீஸீ டாப் விஷயத்தில் 1987-ல் அது நடந்திருக்கிறது. ‘சிக்ஸ் பேக்’ என்ற சிடி தொகுப்பில் எழுபதுகளின் ஆல்பங்களை எண்பதுகளின் எக்கோவும் டிரம் சத்தமும் பூசி வெளியிட்டார்கள். வறண்ட, ஒட்டி உட்கார்ந்த அந்த டிரம்ஸ்தான் அந்தப் பாட்டுகளின் உயிர், அது போய்விட்டது. ‘ட்ரெஸ் ஓம்ப்ரெஸ்’, ‘ஃபாண்டாங்கோ’ இரண்டும் அசல் மிக்ஸில் சிடியாக வர 2006 ஆனது. புது சவுண்டு புதுப் பாட்டுக்கு.

புதுப் பாட்டிலும் அளவு மீறலாம். மெட்டாலிகா 2003-ல் ‘செயின்ட் ஆங்கர்’ செய்தபோது ஸ்னேர் வயரைத் தளர்த்திவிட்டுத் தகரம் போல் ஒலித்த டிரம்மை முன்னால் வைத்தார்கள், கிடார் சோலோவையும் எடுத்துவிட்டார்கள். கேட்பவர் அந்தக் குழுவிடம் எதிர்பார்த்த இரண்டும் ஒரே நேரத்தில் போயின. அதைத்தான் மேலே சொன்னேன், தரையை மாற்றும்போது முகம் இருக்கட்டும்.

---

மேடைவயர் பதில்:

மாடலர் பற்றி. அதனால் சவுண்டு புதிதாகாது, மேடை அமைதியாகும். அதுவே பெரிய லாபம்: 100 வாட் ஆம்ப் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் முழங்காவிட்டால், அவர் குரலைக் கிழித்துக்கொண்டு பாட வேண்டியதில்லை.

செய்யும் தப்பு எப்போதும் ஒன்றுதான். வீட்டில் மெல்லிய சத்தத்தில் ப்ரீசெட் (சேமித்து வைக்கும் ஒலி அமைப்பு) செய்வது. சத்தம் குறைவாக இருக்கும்போது காது அடியையும் உச்சியையும் குறைத்தே கேட்கும், அதனால் இரண்டையும் ஏற்றி வைப்பீர்கள். மேடை அளவில் அதுவே குமுறலும் கீச்சலுமாக வரும். ரிகர்சல் அறையில், டிரம்ஸ் வாசிக்கும்போது, மேடை அளவிலேயே செய்யுங்கள். கேபினட் பகுதியில் லோ-கட் 90 ஹெர்ட்ஸ், ஹை-கட் 6.5 கிலோஹெர்ட்ஸில் தொடங்கிக் காதுக்கேற்ப நகர்த்துங்கள். சோலோ ப்ரீசெட்டுக்கு 3 டெசிபல் மட்டும் கூடுதல். கெயினை (டிஸ்டார்ஷன் அளவை) மேடையில் நினைப்பதைவிடக் கால்வாசி குறையுங்கள். ரெண்டு கிடாரும் முழு கெயினில் இருந்தால் கார்டு எது என்றே தெரியாது.

இரண்டாவது கிடாருக்கு ஒரு வேலை: 120 வேகப் பாட்டில் டிலேயை (எதிரொலி எஃபெக்டை) 375 மில்லிசெகண்ட், 125 என்றால் 360 வைத்து, நேர் எட்டில் மியூட் செய்து வாசிக்கட்டும். சீக்வென்சர் செய்யும் வேலையைக் கிடாரே செய்துவிடும். இதற்குக் கிளிக் இருந்தே ஆக வேண்டும். டிரம்மர் 2 பிபிஎம் நழுவினாலே டிலே தாளத்தோடு சண்டை போடத் தொடங்கும்.