மதுரையில் ஹார்மோனியம் வாசிப்பவர் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். விஜயதசமியன்று எங்கள் தெருப் பெண்கள் பத்துப் பேர் ஒயிலாட்டம் படிக்கச் சேர்ந்தோம். முன்பு ஆண்களே ஆடிவந்த ஆட்டம். இப்போது நாங்களும் சலங்கை கட்டி, கையில் துணியோடு வரிசையில் நிற்கிறோம். திரும்பும் அடியில் பத்துத் துணியும் ஒரே நொடியில் மேலே எழும்போது கெண்டைக்கால் வலியெல்லாம் மறந்துபோகிறது!

அப்புறம் ஆசை விடவில்லை. கார்த்திகையில் வள்ளி கதையைச் சின்ன நாடகமாகப் போடப்போகிறோம். தினைப்புனத்தில் கிளி விரட்டும் இடத்தில் ஒயிலாட்டம் வரும். வள்ளி கதையை மேடை நாடகமாக எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்தது 1922இல். இன்றும் இந்தப் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடிய வள்ளி கதை நடக்கிறது. அம்மா மடியில் படுத்தபடி அதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

பாட்டுக்குச் சுருதி பிடித்துத் தர ஹார்மோனியக்காரர் ஒருவர் வேண்டும். வாரம் இரண்டு நாள் வந்தால் போதும், எங்களால் முடிந்ததைக் கொடுத்துவிடுவோம். இன்னொன்று, ஐப்பசி மழையில் மொட்டைமாடி வழுக்குகிறது. செல்லூர்ப் பக்கம் மாலை 6 முதல் 8 வரை கூரையுள்ள இடம் ஏதாவது கிடைக்குமா? தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.