கடைசித் தவணை கழிந்த மாதம்

மனிதவளப் பிரிவிலிருந்து:
"நம்ம கம்பெனியை விட்டு யாரும் போறதில்ல" என்று பெருமையடிக்கும் இடங்களில் முதலில் பார்க்க வேண்டியது சம்பள முன்பணப் பதிவேடு. வேலையை விட்டவர்களின் ராஜினாமா தேதியையும், அவர்களுடைய கடைசித் தவணை பிடித்த மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கடன் தீர்ந்த கையோடு பலர் கிளம்பியிருந்தால், அதுவரை அவர்களை நிறுத்தி வைத்தது கடன்தான். ஒருவர் வேலையில் நிற்பதற்கான காரணத்தை ஆலன், மேயர் என்ற ஆய்வாளர்கள் 1990-இல் மூன்றாகப் பிரித்தார்கள்: பிடித்துப்போய் நிற்பது, விட்டால் நஷ்டம் என்று நிற்பது, நன்றிக்கடனுக்காக நிற்பது. எத்தனை பேர் போனார்கள் என்ற கணக்கில் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஷிஃப்ட் மேற்பார்வையிலிருந்து:
அப்பா மாதிரி நடத்தும் நிர்வாகத்தையும் பிரித்தே பார்க்க வேண்டும். அதிகாரம், பரிவு, ஒழுக்கம் என்பது ஃபார், செங் என்ற ஆய்வாளர்கள் 2000-இல் வைத்த வகைப்பாடு. மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பதில்தான் வம்பு. குழந்தைக்குக் காய்ச்சல் என்றதும் இரண்டு மணி நேரம் பர்மிஷன் கொடுத்தவரே, ஞாயிற்றுக்கிழமை வர முடியாது என்றால் "அன்னிக்கு நான் விட்டேனே" என்பார். அப்புறம் அந்தத் தொழிலாளி பர்மிஷன் கேட்கவே மாட்டார். சிக் லீவு போட்டுவிடுவார்.

இதற்கு ஒரு நோட்டு போதும். ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளும் இருவரும் 24 மணி நேரம் முன்னதாகக் கையெழுத்துப் போட வேண்டும். மேற்பார்வையாளர் பார்ப்பது இரண்டுதான்: வருபவருக்கு அந்த மெஷின் ஓட்டத் தெரியுமா, அவருக்கு அடுத்தடுத்து இரண்டு ஷிஃப்ட் விழுகிறதா. காரணம் எழுத ஒரு கட்டம் போட்டீர்களோ, தொலைந்தது. உரிமை மறுபடியும் தயவாகிவிடும்.

பயிற்சிப் பிரிவிலிருந்து:
நோட்டு சரி, ஆனால் போதாது. ஊழியரின் குடும்பப் பொறுப்புக்கு மேலதிகாரி எவ்வளவு துணை நிற்கிறார் என்று அளக்க, ஹாமர் என்ற ஆய்வாளரின் குழு 2009-இல் கொடுத்த அளவுகோலில் நான்கு கூறுகள்: காதுகொடுத்துக் கேட்பது, நடைமுறையில் கைகொடுப்பது, தானே நடந்து காட்டுவது, வேலையையே மாற்றியமைப்பது. பெரும்பாலும் கோட்டைவிடுவது மூன்றாவதில். தந்தையர் விடுப்பு விதியில் இருக்கும். மேனேஜர் ஒருவர்கூட எடுத்திருக்க மாட்டார். கீழே இருப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும். விடுப்பு எடுத்தவர்களின் அப்ரைசல் மதிப்பெண்ணை, எடுப்பதற்கு முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, கல்யாணமாகாதவர் தலையிலேயே விடுமுறை நாள் ஷிஃப்டைக் கட்டாதீர்கள். சுழற்சிப் பட்டியலில் எல்லோர் பெயரும் வரட்டும்.

மனிதவளப் பிரிவிலிருந்து:
முன்பணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. உச்சவரம்பையும் தவணையையும் எழுதி ஒட்டுங்கள். நேரடி மேலதிகாரியிடம் ஒப்புதலை விடாதீர்கள். பாக்கி இருக்கும்போதே ஒருவர் விலகினால், கடைசிக் கணக்கில் கழித்தது போக மீதிக்குத் தவணை கொடுத்து அனுப்புங்கள்.