கேட்காது என்று தெரிந்தும் அடுத்த பெட்டி எதற்கு?

சுருதிபேதம்:

கேபிள் மாற்றினால் ஒலி மேடை (பாடகரும் கருவிகளும் எதிரே பரவி நிற்பது போன்ற தோற்றம்) விரிகிறது என்பவர்களைப் பற்றிய இழை இல்லை இது. அவர்களுக்கு ஏதோ கேட்கிறது, வாங்குகிறார்கள். எனக்குப் பிடிபடாதது மறுதரப்பு. டாக்கின் (டிஜிட்டல் இசையை மின்னலையாக மாற்றும் பெட்டி) சினாட், அதாவது இரைச்சலையும் திரிபையும்விட இசை எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்ற அளவு, 110 டெசிபெலைத் தொட்டுவிட்டால் இரைச்சலும் திரிபும் சேர்ந்தே 0.0003 சதவீதம்தான், இசை ஓடும்போது யார் காதுக்கும் எட்டாது என்று வரைபடம் போட்டு வாதாடுபவர்களே, 120 காட்டும் பெட்டி வந்ததும் பழையதை விற்பனைப் பகுதியில் போட்டுவிடுகிறார்கள்.

இரண்டு கேள்வி. கேட்காது என்று தெரிந்தே ஏன் வாங்குகிறோம்? சங்கிலியில் எந்தெந்த இடத்தில் "இது போதும்" என்று கோடு போடலாம்? எண்ணோடு சொல்லுங்கள். "உங்கள் காதை நம்புங்கள்" மட்டும் வேண்டாம், அதை நிறையப் படித்தாயிற்று.

ஓம்விதி:

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்விக்குப் பாதிப் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

டாக்: சிடியின் 16 பிட்டே சுமார் 96 டெசிபெல் வீச்சு தருகிறது. வீட்டு அறையில் எல்லாவற்றையும் அணைத்து உட்கார்ந்தாலும் 30 டெசிபெல் பக்கம் பின்னணிச் சத்தம் இருக்கும். உச்சம் 105 வரை வைத்துக் கேட்டாலும் பயன்படுவது 75தான். மேயர், மொரான் இருவரும் 2007-ல் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டி இதழில் வெளியிட்ட சோதனையில், உயர்தெளிவு இசையை நேராகவும், நடுவில் சிடி தரமான 16 பிட் 44.1 கிலோஹெர்ட்ஸ் வழியாக இழுத்தும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். 554 முறையில் 276 சரி. காசு சுண்டியிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

ஹெட்போன் ஆம்ப்: இங்கே கோடு போடுவது சுலபம். 300 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 97 டெசிபெல் தரும் ஹெட்போன் என்று வையுங்கள். உச்சத்தில் 110 டெசிபெல் வேண்டுமானால் கூடுதல் 13 டெசிபெல், அதாவது 20 மில்லிவாட். 300 ஓமில் அது 2.45 வோல்ட். ஒரு வோல்ட் மட்டுமே தரும், போனில் செருகும் டாங்கிள் 102-லேயே முட்டி நிற்கும். சிம்பொனி மாதிரி அமைதிக்கும் ஆரவாரத்துக்கும் இடைவெளி அதிகமுள்ள பதிவில் ஒலியை ஏற்றினால் உச்சங்கள் வெட்டுப்படும், அது காதுக்குத் தெரியும். 2.5 வோல்ட் தரும் ஆம்ப் வந்தபின் 10 வோல்ட் ஆம்ப் எதையும் கூட்டித் தராது.

ஐஇஎம் (காதுக்குள் செருகுவது): சக்தியைவிட ஆம்பின் வெளியீட்டு மின்மறுப்பை, அதாவது அதன் உள்தடையைப் பாருங்கள். பல ஆர்மேச்சர் (சின்ன ஒலிப்பான்) வைத்த மாடல்களில் மின்மறுப்பு அலைவெண்ணுக்கு ஏற்ப 8 ஓமிலிருந்து 40 வரை ஆடும். ஆம்பின் வெளியீடு 10 ஓம் என்றால், 8 ஓம் இருக்கும் இடத்தில் 7 டெசிபெல் இழப்பு, 40 ஓம் இடத்தில் 2 டெசிபெல்தான். ஒலியின் குணமே 5 டெசிபெல் கோணிவிடும். ஒரு ஓமுக்குக் கீழே இறக்கிவிட்டால் வேலை முடிந்தது. 0.1 ஓம் என்று தேடி அலைவது வெட்டி.

ஸ்பீக்கர் கம்பி: 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, 5 மீட்டர் தூரம், போய்வர 10 மீட்டர். தடை 0.115 ஓம். 4 முதல் 20 ஓம் வரை ஆடும் ஸ்பீக்கரில் இதனால் வரும் ஏற்ற இறக்கம் 0.2 டெசிபெல். 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.12. கம்பிக் கதை இதோடு முடிந்தது.

இனி ஸ்பீக்கரும் அறையும். சிறிய வூஃபரில் 50 ஹெர்ட்ஸை உரக்கப் போட்டால் திரிபு சில சதவீதம் வருவது சர்வ சாதாரணம். டாக்கின் 0.0003-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 5 மீட்டர் நீள அறைக்கு முதல் அதிர்வு 34 ஹெர்ட்ஸ் (343-ஐ நீளத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும்), 4 மீட்டர் அகலத்துக்கு 43. அறையின் நட்டநடுவில் நாற்காலி போட்டால் இரண்டுக்குமே பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள், 15 டெசிபெல் பள்ளமெல்லாம் அதிசயமில்லை. ஸ்பீக்கர் முகப்பு பின்சுவரிலிருந்து 60 செ.மீ. தள்ளியிருந்தால் சுவரில் பட்டுத் திரும்பும் அலை 143 ஹெர்ட்ஸை அடித்துத் தின்னும், ஆண் குரலின் அடிக்கட்டு அங்கேதான் இருக்கிறது. ஈக்வலைசரில் தூக்கிப் பார்ப்பார்கள். 10 டெசிபெல் தூக்க ஆம்பிடம் பத்து மடங்கு சக்தி கேட்கும், பள்ளம் அப்படியே கிடக்கும். நேரலை ஏறும் அளவுக்கு எதிரொலியும் ஏறுகிறதே! ஆனால் நாற்காலியை நீளவாக்கில் 40 செ.மீ. நகர்த்தினாலே அந்த 34 ஹெர்ட்ஸ் பள்ளத்தின் நிலைமை மாறும்.

ஆக, பெட்டியாக அட்டையில் கட்டி வருபவற்றில் வித்தியாசம் தசமங்களில், வாங்க முடியாத இடத்தில் 15 டெசிபெல். ஆனால் நாற்காலி நகர்த்துவதற்குத் தரவரிசைப் பட்டியல் கிடையாது, பெட்டி பிரிக்கும் சுகமும் கிடையாது. ஹாலை அடைத்துக்கொண்டு, ஒலியை உறிஞ்சும் 20 செ.மீ. ராக்வூல் பலகை நிற்க வீட்டில் சம்மதமும் வாங்க வேண்டும். தேடல் சுலபமான பக்கம் சாய்கிறது.

செவிவழி:

ஓம்விதி சார் சொன்னது "எதை வாங்குகிறோம்" என்பதற்கு. "ஏன்" என்பதற்கு நான் மூன்று காரணம் பார்க்கிறேன். மூன்றும் ஒன்றையொன்று ஊட்டி வளர்ப்பவை.

முதலாவது கவனம். புதுக் கருவி வந்த வாரத்தில் யாரும் பாத்திரம் கழுவிக்கொண்டே பாட்டுக் கேட்பதில்லை. விளக்கைக் குறைத்து, கண்ணை மூடி, தெரிந்த பாடலையே மறுபடி போட்டு, இரண்டாவது சரணத்துக்குப் பின்னால் இழையும் பேஸ் கிடாரைத் தேடிப் பிடிக்கிறோம். "இதுவரை கேட்காததெல்லாம் கேட்கிறது" என்பது உண்மையும்கூட. கேட்டிருக்காது, ஏனென்றால் தேடியிருக்க மாட்டோம். இப்போது தெரிந்துவிட்டதால் பழைய கருவியிலும் அது கேட்கும், போட்டுப் பாருங்கள். மூன்று வாரத்தில் கவனம் தளரும். அதைத்தான் "பழகிவிட்டது" என்கிறோம், உடனே அடுத்த விமர்சனம் படிக்கத் தொடங்குகிறோம்.

இரண்டாவது கண். ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-ல் ஒரே ஸ்பீக்கர்களை மறைத்தும் காட்டியும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். உருவம் தெரிந்ததும் மதிப்பெண்கள் மாறின, அனுபவமுள்ளவர்களுக்கும்தான். எது என்று தெரிந்தால் மூளை அதைச் சேர்த்தே கேட்கும், படிப்பு இதற்குத் தடுப்பூசி ஆகாது. நம்மில் அளவீட்டுக்காரர்கள் 120 என்ற எண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள், மற்றவர்கள் தடித்த அலுமினிய முகப்பைப் பார்த்துவிட்டு. நடப்பது ஒன்றுதான்.

மூன்றாவதுதான் சுருதிபேதம் கேட்டதற்கு நேர்ப் பதில் என்பேன். தெரிந்தவர் வாங்குவது ஒலியை இல்லை, சந்தேக நிவர்த்தியை. ஒரு பதிவில் குரல் கூசுகிறது. பதிவா, ட்வீட்டரா, ஆம்பா? 120 டெசிபெல் டாக் இருந்தால் ஒரு சந்தேகப் புள்ளியை அடித்துவிடலாம். மனசுக்கு நிம்மதி. ஆனால் கூச்சம் போகவில்லை, அதனால் சந்தேகம் ஆம்புக்கு நகர்கிறது, அங்கிருந்து யுஎஸ்பி கேபிளுக்கு. சங்கிலியில் ஒரு கண்ணியைச் சுத்தம் செய்ததும் அடுத்த கண்ணி அழுக்காகத் தெரியும்.

பழையஊசி:

எல்லாரும் ஏதோ நோய்க்கு மருந்தெழுதுவது போலப் பேசுகிறீர்கள். நன்றாகச் செய்த பொருள் வைத்திருப்பது ஒரு ஆசை, அவ்வளவுதான். வால்யூம் குமிழ் எண்ணெயில் உருள்வது போலத் திரும்புவதும், ரிலே "டிக்" என்று விழுவதும் கேட்பதற்கு இல்லை, தொடுவதற்கு. அதற்குக் காசு கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதானே, எதற்கு ஒலியின் தலையில் கட்டுகிறீர்கள்?

இன்னொன்று, அளவீட்டுப் பட்டியலில் வராமல் காதுக்குக் கேட்கும் சங்கதிகளும் உண்டு. குமிழுக்குப் பின்னால் இருக்கும் இரட்டைத் தடத்து வால்யூம் பொட்டென்ஷியோமீட்டரில் (மாறு தடை) ஆரம்பத் திருப்பத்தில் இடது வலது சமமாக இருக்காது, 2, 3 டெசிபெல் தாராளமாக விலகும். குரல் நடுவிலிருந்து ஒரு பக்கம் ஒதுங்கும். சினாட்டை அளப்பது முழு வெளியீட்டுக்குப் பக்கத்தில், நள்ளிரவில் கேட்பது குமிழ் ஏழரை மணி நிலையில். அதனால்தான் ரிலே அட்டென்யுவேட்டர் (நிலையான தடைகளை மாற்றி மாற்றி ஒலியைக் குறைப்பது) உள்ள ஆம்புக்கு மாறுவது சில பேருக்கு வெறும் பகட்டு இல்லை.

ஓம்விதி:

@பழையஊசி ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதற்கும் புது ஆம்ப் கடைசி வழிதான். முதலில் கெயின் சுவிட்சை, அதாவது ஆம்ப் எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதை மாற்றும் சுவிட்சைக் கீழே தள்ளுங்கள். அது இல்லாவிட்டால் கணினியில் 10, 15 டெசிபெல் குறைத்துவிட்டு (24 பிட் வெளியீடாக இருக்கட்டும்) குமிழை நடுவுக்குக் கொண்டுவாருங்கள், விலகல் பெரும்பாலும் காணாமல் போகும்.

ஹெட்போன்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கழற்றி மாட்டினாலே 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சில டெசிபெல் மாறும். மூக்குக்கண்ணாடிக் காம்பு குஷனைத் தூக்கினால் பேஸ் ஒழுகும். தேய்ந்து அமுங்கிய குஷனோடு புது ஆம்பை ஒப்பிடுபவர் உண்மையில் குஷனைத்தான் ஒப்பிடுகிறார்.

சுருதிபேதம்:

சந்தேக நிவர்த்தி என்ற பதில் பொருந்துகிறது. அப்படியானால் வாங்காமலே சந்தேகத்தைத் தீர்க்க வழி வேண்டும். இரண்டு டாக், இரண்டு ஆம்ப் கையில் இருக்கிறது என்று வையுங்கள். விற்பதற்கு முன் வீட்டிலேயே ஒழுங்காக எப்படி ஒப்பிடுவது? எங்கே சொதப்பும்?

ஓம்விதி:

முக்கால்வாசி ஒலி அளவில்தான் சொதப்பும். 0.5 டெசிபெல் கூடுதல் "சத்தம் அதிகம்" என்று தோன்றாது, "தெளிவு" என்று தோன்றும். 0.1 டெசிபெலுக்குள் சமன் செய்ய வேண்டும், மின்னழுத்தத்தில் அது சுமார் 1.2 சதவீதம். 2 வோல்ட்டுக்கு 0.023 வோல்ட்.

மல்டிமீட்டரில் 2 வோல்ட் ஏசி வீச்சு இருக்க வேண்டும். மலிவு மீட்டர்களில் ஏசி 200 வோல்ட்டிலிருந்துதான் தொடங்கும், 0.1 வோல்ட்டுக்குக் கீழே காட்டாது, அதை வைத்து 0.1 டெசிபெல் பார்க்க முடியாது. சோதனை ஒலி 400 ஹெர்ட்ஸ் சைன் அலையாக இருக்கட்டும். ஒரு கிலோஹெர்ட்ஸுக்குப் போனால் பல மீட்டர்கள் பொய் சொல்லும். ஸ்பீக்கரோ ஹெட்போனோ இணைத்தபடியே அளக்கவும், சுமை இல்லாமல் அளந்தால் வெளியீட்டு மின்மறுப்பின் விளைவு கணக்கில் வராது. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு அளக்காதீர்கள். இடது வலது இரண்டையும் பார்க்கவும்.

டாக் என்றால் இரண்டின் லைன் வெளியீட்டையும் ஒரு தேர்வுப் பெட்டி வழியாக ஒரே ஆம்புக்கு விடுங்கள். இங்கே ஒரு பொறி: ஃபில்டர், யுஎஸ்பி பஃபர் காரணமாக இரண்டுக்கும் தாமதம் வேறு. பாட்டு ஓடும்போதே மாற்றினால் சின்னத் துள்ளல் கேட்கும், அந்தத் துள்ளலை வைத்தே 16-க்கு 16 வாங்கிவிடலாம். மாற்றும்போது அரை நொடி மௌனம் விட்டு, அதே 10 நொடித் துண்டை முதலிலிருந்து போடுங்கள். துண்டு நீண்டால் பயனில்லை, நுணுக்கமான ஒலி நினைவு சில நொடிகளிலேயே மங்கிவிடும்.

பவர் ஆம்ப் என்றால் எச்சரிக்கை. இரண்டு ஆம்பின் வெளியீடும் ஒரு கணம்கூட ஒன்றோடொன்று தொடக்கூடாது. முன்னதைத் துண்டித்த பின்பே அடுத்ததை இணைக்கும் வகை சுவிட்ச் வேண்டும். பிரிட்ஜ் முறையில் இயங்கும் ஆம்பில் கறுப்பு முனையும் உயிரோடு இருக்கும், அதையும் சேர்த்து மாற்றும் இரட்டைத் துருவ சுவிட்ச் இல்லாவிட்டால் ஒன்று புகைந்துவிடும்.

எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது மாற்றுபவருக்கும் தெரியாமல் இருந்தால் நல்லது, அவர் முகமே காட்டிக்கொடுக்கும். அது முடியாவிட்டால், வரிசையை இன்னொருவரே நாணயம் சுண்டி முன்பே எழுதட்டும், சுவிட்சையும் அவர் கையில் கொடுத்து, அவரைத் திரைக்குப் பின்னால் உட்கார வையுங்கள். 16 முறை என்று முதலிலேயே முடிவுசெய்யவும், 12 சரியானால் அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்க வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் கீழே. 10-க்கு 7 வாங்கிவிட்டு "கேட்கிறது" என்று இங்கே வந்து எழுதுவார்கள், சும்மா ஊகித்தாலே அது ஆறில் ஒரு பேருக்கு வரும்.

கோப்புகளை ஒப்பிட இந்தக் கம்பி வேலை எதுவும் வேண்டாம், ஃபூபார்2000 என்ற கணினி பிளேயரின் ஏபிஎக்ஸ் இணைப்பு (எது என்று காட்டாமல் மாற்றிப் போட்டு ஊகிக்கச் சொல்வது) போதும். ஒலி அளவைச் சமன் செய்யும் ரீப்ளேகெயினை இயக்க மறக்காதீர்கள்.

செவிவழி:

இதில் 16-க்கு 8, 9 வாங்கியவர்கள் அடுத்த வாரம் என்ன செய்கிறார்கள் என்பதுதான் சுவாரசியம். பாதிப்பேர் விலை குறைந்ததை வைத்துக்கொண்டு மற்றதை விற்கிறார்கள். மீதிப்பேர் "சோதனைப் பதற்றத்தில் காது இறுகிவிட்டது" என்கிறார்கள். அந்தப் பதற்றத்துக்கு மாற்று உண்டு: பெட்டிகளை மூடி, எது எது என்று தெரியாமல் ஒரு வாரம் அது, ஒரு வாரம் இது என்று நிதானமாகக் கேளுங்கள். ஒலி அளவை மட்டும் அப்போதும் சமன் செய்தே ஆகவேண்டும்.

பழையஊசி:

நான் 8 வாங்கினாலும் விலை கூடியதைத்தான் வைத்துக்கொள்வேன், குமிழுக்காக. விற்பனைப் பகுதியில் மற்றதைப் போடும்போது "ஒலியில் வித்தியாசமில்லை" என்று எழுத வேண்டுமா, வேண்டாமா?

சுருதிபேதம்:

எழுதுங்கள், நானே வாங்கிக்கொள்கிறேன். நாற்காலியை நகர்த்திவிட்டு.