டிவி ஸ்டுடியோ தொடுதிரையில் மேட்ச் அலசுவதைக் கிட்டே நின்று பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

கோட்டாறு ரசிகன்:
கால்பந்து பார்க்கிறவர்களுக்குப் பழகிய காட்சிதான். இடைவேளையில் பழைய வீரர் ஒருவர் ஆளுயரத் திரை முன்னால் வந்து நின்று, விரலால் ஒரு டிஃபெண்டரைச் சுற்றி வட்டம் போடுவார். அம்பு நீளும். "இவர் இங்கே நின்றிருக்க வேண்டும்" என்று ஆளையே இழுத்து வைப்பார். ஸ்கை ஸ்போர்ட்ஸில் கேரி நெவிலும் ஜேமி கேரகரும் இதைச் செய்தே தனி ரசிகர் கூட்டம் சேர்த்தார்கள். எங்கள் அப்பாவுக்கு மேட்சை விட அந்தப் பத்து நிமிஷம்தான் பிடிக்கும். நம் குமரி மாவட்டத்துக்காரர்கள் யாராவது அந்தப் பக்கம் வேலை பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

குழித்துறை ஆபரேட்டர்:
ஊர் குழித்துறை, வேலை சென்னையில். ஒரு சேனலுக்கு கிராஃபிக்ஸ் ஓட்டுகிறேன், எந்தச் சேனல் என்று கேட்காதீர்கள்.

அப்பா ரசிப்பதில் பாதி வேலை கன்ட்ரோல் ரூமில் நடக்கிறது. கோல் விழுந்த உடனே அந்தத் துண்டை வெட்டி, எந்த இடத்தில் நிறுத்தணும், யார் காலடியில் வளையம் என்று தயார் செய்துவிடுவோம். விருந்தினர் விரலால் இழுக்கிற கோடு அவருடையதுதான். ஆனால் ஓடுகிற வீரரோடு கூடவே ஓடும் வளையம், இரண்டு பேருக்கு நடுவே பளிச்சென்று விரியும் பட்டை எல்லாம் பெரும்பாலும் எங்கள் சமையல்.

அந்த வளையம் புல்லில் ஒட்டினாற்போல் தெரிவது எப்படி என்று பலர் கேட்பார்கள். மைதானத்து வெள்ளைக் கோடுகள்தான் ஆதாரம். பெனால்டி ஏரியா கோல் கோட்டிலிருந்து 16.5 மீட்டர், நடுவட்டத்தின் ஆரம் 9.15 மீட்டர். எந்த நாட்டு மைதானம் என்றாலும் இந்த அளவு மாறாது. அதை வைத்து கேமரா எந்தக் கோணத்தில் பார்க்கிறது என்று மென்பொருள் கணக்குப் போட்டுவிடும். அப்புறம் பச்சை நிறம் உள்ள இடத்தில் மட்டும் வரை என்று சொல்லிவிட்டால் கோடு வீரருடைய பூட்ஸுக்குக் கீழே போகும். கோல்கீப்பர் பச்சை ஜெர்ஸியில் வந்தால் தொலைந்தோம், அம்பு அவர் நெஞ்சின் மேல் ஏறிப் போகும்.

திரை விஷயத்துக்கு வருகிறேன். எங்களிடம் இருப்பது சட்டத்தைச் சுற்றி அகச்சிவப்பு ஒளி ஓடுகிற வகை. கண்ணாடியைத் தொடக்கூட வேண்டாம், ஒளியை எது மறைத்தாலும் அதற்கு விரல்தான். முழுக்கைச் சட்டையில் வந்த ஒரு விருந்தினர் சிவப்புக் கோடு இழுக்க இழுக்க, சற்றுக் கீழே இன்னொரு கோடு தானாக ஓடியது. பேய் பிடித்த மாதிரி! பார்த்தால் கஃப் பட்டன் திரையை உரசுகிறது. விளம்பர இடைவேளையில் ஃப்ளோர் மேனேஜர் ஓடிப்போய்க் கையை மடித்துவிட்டார்.

நிற்கிற இடமும் முக்கியம். வலது கைக்காரரை, வீட்டிலிருந்து பார்க்கும்போது திரையின் வலது ஓரத்தில் நிறுத்த வேண்டும். இடது ஓரத்தில் நின்றால் வலது கையை நீட்ட உடம்பைத் திருப்பி நேயருக்கு முதுகைக் காட்டிவிடுவார். மேலே தொங்கும் விளக்குகள் கண்ணாடியில் தெரியாமல் இருக்கத் திரையைக் கொஞ்சம் முன்பக்கம் சாய்த்து வைப்போம்.

என் அபிப்பிராயம் ஒன்று. அதிகம் கிறுக்குகிறவருக்கு அதிகம் தெரியும் என்று நினைக்காதீர்கள். கோலடித்தவரை விட்டுவிட்டு, பாஸ் கிளம்புவதற்கு முன்னால் நிறுத்தச் சொல்லி, மறுபக்கம் தூங்கிக்கொண்டிருந்த ஃபுல்பேக் (ஓரத்து டிஃபெண்டர்) மேல் ஒரே ஒரு வட்டம் போடுகிறவர்தான் ஆள். அப்படிப்பட்டவர் வந்தால் எங்களுக்கும் வேலை குறைவு.

வடசேரி வாசகன்:
திரையில் கிறுக்குவது பழைய வித்தைதான். அதற்கான டெலஸ்ட்ரேட்டர் என்ற கருவியை அமெரிக்க இயற்பியலாளர் லியோனார்ட் ரைஃபல் உருவாக்கினார். 1982-ல் அமெரிக்கன் ஃபுட்பால் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் வர்ணனையாளர் ஜான் மேடன் அதில் கிறுக்கிக் காட்டியதும் அங்கே பிரபலமாகிவிட்டது. பல விரல்களை ஒரே நேரத்தில் உணரும் பெரிய திரையை 2006-ல் டெட் (TED) என்ற சொற்பொழிவு மேடையில் ஜெஃப் ஹான் காட்டினார். 2008 அமெரிக்கத் தேர்தலில் சிஎன்என் செய்தியாளர் ஜான் கிங் வரைபடத்தைத் தட்டித் தட்டிப் பேசியது ஹானின் நிறுவனத் திரையில்தான்.

தூத்தூர் விங்கர்:
நான் ஸ்டுடியோ பக்கம் போனதில்லை. ஆனால் இங்கே பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், ஒரு ஸ்மார்ட் போர்டு கிடைத்தது. பக்கத்து இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் ஐஎஸ்எல் கால்பந்து லீகில் ஜாம்ஷெட்பூருக்கும் கொல்கத்தா அணி ஏடிகேவுக்கும் ஆடிய நாளிலிருந்து பையன்கள் எல்லாருக்கும் இடது ஓரம்தான் வேண்டும், பந்து பறிபோனால் திரும்பி ஓட மட்டும் மாட்டான்கள். சரி, திரையில் காட்டுவோம் என்று மொட்டை மாடியில் போனைக் கட்டி மேட்சை எடுத்தேன்.

போர்டில் போட்டு, எதிரணி பந்தைப் பறித்த இடத்தில் நிறுத்தினேன். நம்ம விங்கர் இடுப்பில் கைவைத்து நிற்கிறான். வட்டம் போட்டேன். விரல் ஒரு பக்கம் போக, கோடு கொஞ்சம் பிந்தித்தான் வருது, அது போகட்டும். எல்லாரும் சிரிக்க, அவன் மட்டும் "சாரே, அது நான் இல்ல" என்றான். ஓட்டிக் காட்டினேன். பேச்சில்லை. மறு வாரமே ஓடினான்.

ஆனால் டிவி மாதிரி வளையம் போட ஒரு மென்பொருளை இறக்கிப் பார்த்தால் அது மைதானத்தையே கண்டுபிடிக்க மாட்டேன் என்கிறது. நாங்கள் ஆடுவது கடற்கரை மணலில். கோடும் கிடையாது, பச்சையும் கிடையாது.

குழித்துறை ஆபரேட்டர்:
கோடு இல்லாவிட்டால் பரவாயில்லை. டேப் வைத்து அளந்து, செவ்வகமாக நான்கு கூம்பு வையுங்கள். அளவு தெரிந்த நான்கு புள்ளி இருந்தால் போதும், கையால் குறிக்க வழி இருக்கிறதா என்று அந்த மென்பொருளில் தேடுங்கள். போன் மட்டும் அசையக் கூடாது, காற்றுக்குக் கெட்டியாகக் கட்டுங்கள். பச்சைக்குப் பதில் மணல் நிறத்தைத் தேர்ந்தெடுக்கலாம். சாயங்கால நிழல் நீளும் முன் எடுத்துவிடுங்கள். பையன்களுக்கு மஞ்சள் ஜெர்ஸி மட்டும் வேண்டாம்.

தூத்தூர் விங்கர்:
மஞ்சள்தான் மக்கா எங்க ஜெர்ஸி. போன மாசம்தான் காசு பிரித்து எல்லாருக்கும் எடுத்தோம்.