மறுமொழி: பேஸ்பால் ‘மேனேஜர்’ – மேலாளரா, களநெறியாளரா?

அன்புள்ள ஐயா,

அமெரிக்க பேஸ்பால் வீரர் பிராங்க் ராபின்சன் பற்றிய கட்டுரையில், களத்தில் அணியை நடத்தும் ‘மேனேஜர்’ என்ற சொல்லுக்கு ‘மேலாளர்’ என்றே போட்டுவிடலாம் என்கிறீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. கிரிக்கெட் படித்துப் பழகிய நம் வாசகர், மேலாளர் என்றதும் பயணம், தங்கும் விடுதி பார்ப்பவர் என்றுதான் நினைப்பார். பேஸ்பாலில் மேனேஜரும் வீரர்களைப் போலச் சீருடை அணிகிறார். அடிப்போர் வரிசையை முடிவு செய்கிறார். பந்தெறிபவர் தடுமாறினால், அவர் நிற்கும் மேட்டுக்கு நடந்துபோய் அவர் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொள்கிறார். அந்த வீரரின் அன்றைய ஆட்டம் அதோடு முடிந்தது.

2006 மே மாதம், ராபின்சன் நடத்திய வாஷிங்டன் அணிக்காக, அடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்து பிடித்துக்கொண்டிருந்தவர் மாட் லெக்ராய். ஹூஸ்டன் அணியினர் ஏழு முறை தளம் திருடிவிட்டார்கள்; அதாவது அடி விழாமலே அடுத்த தளத்துக்கு ஓடிவிட்டார்கள், பந்தை எறிந்து அவர்களைத் தடுக்க லெக்ராயால் முடியவில்லை. ஏழாவது இன்னிங்ஸின் நடுவிலேயே ராபின்சன் அவரை வெளியே எடுத்தார். அணி வென்றது. ஆனாலும் லெக்ராயை நினைத்து, செய்தியாளர்கள் முன் எழுபது வயது ராபின்சன் கண்ணீர் விட்டார். அந்த முடிவின் பாரத்தை ‘மேலாளர்’ தாங்காது.

‘பயிற்றுநர்’ என்ற யோசனையும் பொருந்தாது. பயிற்றுநர்கள் அவருக்குக் கீழே தனியாக இருக்கிறார்கள். ஆகவே ‘களநெறியாளர்’ என்று முன்மொழிகிறேன்.

சொல்லில் அதிகாரம் தெரிய வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1947இல் மேஜர் லீக் எனும் உயர்மட்டப் போட்டிகளில் நிறத்தடையை உடைத்து ஜாக்கி ராபின்சன் (இவர் வேறொருவர்) களமிறங்கிய பிறகு கறுப்பின வீரர்கள் ஆடினார்கள், வென்று கொடுத்தார்கள். ஆனால் மேஜர் லீக்கில் ஓர் அணியை நடத்தும் பொறுப்பு 28 ஆண்டுகள் அவர்கள் யாருக்கும் தரப்படவில்லை. முதலில் பெற்றவர் பிராங்க் ராபின்சன்தான். 1975 ஏப்ரல் 8 அன்று கிளீவ்லாந்தில், அடிப்போர் வரிசையில் தன் பெயரையும் இரண்டாவதாக எழுதினார். முதல் முறை மட்டை பிடித்தபோதே ஹோம் ரன், நம் கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி!

இப்படி ஆடிக்கொண்டே நடத்துபவருக்கு ‘ஆடுநெறியாளர்’ என்ற வினைத்தொகை அழகாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ‘ஆடுகளம்’ வழக்கில் இருப்பதால் ஆட்டுக்குட்டி நினைவுக்கு வரும் என்ற அச்சமும் வேண்டாம். என் தயக்கம் காலத்தைப் பற்றியது. வினைத்தொகை முக்காலத்துக்கும் பொதுவாயிற்றே. முன்பு ஆடி, இப்போது நடத்த மட்டும் செய்பவரும் அதில் அடங்கிவிடுவார். ராபின்சன் 1976உடன் ஆடுவதை நிறுத்தினார். 2006 வரை வெவ்வேறு அணிகளை நடத்தினார். இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட ‘ஆடும் களநெறியாளர்’ என்று விரித்தே எழுதலாம்.

ஆட்சேபம் இல்லையென்றால் 1975, 1976 பகுதிகளில் அப்படியும், மற்ற இடங்களில் ‘களநெறியாளர்’ என்றும் இன்றிரவே திருத்திவிடுகிறேன்.