ஒரு விளிம்பில் சுழி மின்தடை, மறு விளிம்பில் 51.6 கிலோ ஓம்: டொமைன் சுவரில் என்ன நடக்கிறது?

மல்லேஸ்வரம் மாணவன்:
பெங்களூரில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். வெள்ளிக்கிழமை துறைக் கருத்தரங்கில் என் முறை. 2017இல் டோக்கியோ குழு வெளியிட்ட சோதனையை எடுத்திருக்கிறேன். குரோமியம் கலந்த டோப்பலாஜிக்கல் இன்சுலேட்டர் (உள்ளே கடத்தாமல் மேற்பரப்பில் மட்டும் கடத்தும் பொருள்) படலம். காந்த நுண்ணோக்கியின் ஊசியால் வருடி, இடப்பாதியை மேல்நோக்கியும் வலப்பாதியைக் கீழ்நோக்கியும் காந்தமேற்றியிருக்கிறார்கள். நடுவில் டொமைன் சுவர், அதாவது இரு காந்தத் திசைகளும் சந்திக்கும் எல்லை. இடமிருந்து வலமாக மின்னோட்டம் செலுத்தினால் மேல் விளிம்பில் சுவரின் இருபுறத்துக்கும் இடையே மின்தடை ஏறக்குறைய 51.6 கிலோ ஓம், கீழ் விளிம்பில் சுழி (பூஜ்ஜியம்). ஒரே படலத்தில் எப்படி இவ்வளவு வேறுபாடு?

பழைய கிரையோஸ்டாட்:
தம்பி, சுவரை விட்டுவிட்டு முதலில் விளிம்பைப் பாருங்கள். படலம் முழுவதும் ஒரே பக்கமாகக் காந்தமேறியிருந்தால் உட்பகுதி கடத்தாது. விளிம்பில் மட்டும் ஒருவழிப் பாதை ஒன்று சுற்றிவரும். புறக் காந்தப்புலம் இல்லாமலே ஹால் மின்தடை (மின்னோட்டத்துக்குக் குறுக்கே அளப்பது) 25.8 கிலோ ஓமில் நிற்கும். 2013இல் பெய்ஜிங்கில் காட்டிவிட்டார்கள். காந்தமுனைப்பைத் திருப்பினால் சுற்றும் திசையும் திரும்பும்.

உங்கள் படலத்தில் இடப்பாதி வலஞ்சுழி, வலப்பாதி இடஞ்சுழி என்று வையுங்கள். யஷ்வந்த்பூர் சாலையோரத்தில் கரும்பு பிழியும் உருளைகளைப் பார்த்திருப்பீர்கள். எதிரெதிராகச் சுழன்றாலும் நெருங்கும் இடத்தில் இரண்டும் ஒரே பக்கமாகத்தான் இழுக்கும். சுவரிலும் இரண்டு பாதைகள், இரண்டும் கீழ்நோக்கி.

இனி கணக்கு. மேல் விளிம்பில் இடப்புறப் பாதை முழு மின்னழுத்தத்தோடு வருகிறது, வலப்புறப் பாதை சுழியோடு. சுவரில் இரண்டும் கலந்து, சரிபாதியாகப் பிரிந்து கீழே வெளியேறுகின்றன. ஆகவே கீழே சுவரின் இருபுறமும் பாதி மின்னழுத்தம், வேறுபாடு ஏது? மேலே முழு வேறுபாடு. ஓடும் மின்னோட்டமோ, சுவர் இல்லாதபோது ஓடுவதில் பாதியாகிவிட்டது. 25.8இன் இரு மடங்கு வந்துவிட்டதா?

மல்லேஸ்வரம் மாணவன்:
வந்துவிட்டது, ஐயா! கீழ் விளிம்பில் சுழி என்பதால் 'இழப்பில்லாக் கடத்தல்' என்று தலைப்பு வைக்கலாமா?

ஜாலஹள்ளி:
வேண்டவே வேண்டாம். இந்தத் தலைப்பைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. மின்னோட்ட முனைகளுக்கு இடையே அளந்தால் அங்கும் அதே 51.6 கிலோ ஓம்தான். கீழே சுழி என்றால் அங்கே மின்னழுத்தம் அளக்கும் இரண்டு தொடுமுனைகளும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கின்றன, அவ்வளவே. போதாததற்கு இதெல்லாம் ஒரு கெல்வினுக்கும் கீழான கடுங்குளிரில் நடப்பது.

கேள்வி நேரத்தில் யாராவது "தொடுமுனை பழுதாக இருந்தால்?" என்று கிளம்புவார்கள். இரு பாதிகளின் காந்தமுனைப்பையும் தலைகீழாக்கிய அளவீட்டை அருகிலேயே காட்டுங்கள். சுழியும் 51.6உம் விளிம்பு மாறி உட்காரும். பழுதான முனை அப்படி இடம் மாறாது.