புதுப்பிப்பு: 16 ஜிபி ரேம் போனின் திணறல் சரியாகிவிட்டது

பெட்டியில் 16 ஜிபி ரேம் என்று போட்ட போன் டைப் செய்யும்போது திணறுகிறது, வாட்ஸ்அப்பைத் திறந்தால் மேப்பை மூடிவிடுகிறது என்று போன கிழமை கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி.

ரேம் விரிவாக்கத்தை, அதாவது சேமிப்பகத்தின் ஒரு பகுதியை ரேம் போலப் பயன்படுத்தும் வசதியை, அணைக்கச் சொன்ன தம்பியின் யோசனை பலித்தது. செட்டிங்ஸில் அதை அணைத்து ரீஸ்டார்ட் செய்தேன். கீபோர்ட் இப்போது உடனே எழும்புகிறது. மேப் மூடுவது மட்டும் நிற்கவில்லை. அதற்குக் காரணம் பேட்டரி சேமிப்பு: பின்னணியில் ஓடும் ஆப்களை அது கட்டுப்படுத்தி மூடிவிடுகிறது. மேப்புக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினேன். அப்புறம் வெள்ளவத்தையிலிருந்து கோட்டை வரை பஸ்ஸில் ஒருமுறையும் மூடவில்லை.

உண்மையான ரேம் 8 ஜிபிதான். மற்ற 8 சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கியது, ரேமைவிட மிக மெதுவானது. பெட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் '8+8' என்று இருக்கிறது. முன்பக்கம் பெரிதாக 16 போடுவது வாங்குபவரை ஏமாற்றும் வேலை.

எதிர்பாராத ஒன்று: அணைத்ததும் சேமிப்பகத்தில் 8 ஜிபி இடம் திரும்பக் கிடைத்தது.